ஏழில் முடியும் துப்பாக்கி

கடைசி எண் மட்டும் தெரியவில்லை. விஜயகுமார் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து இன்னொரு முறை தேய்த்தான். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் துப்பாக்கி நீளமாகக் கிடந்தது. பக்கத்தில், தேர்தலுக்கு முன் துப்பாக்கியை ஒப்படைக்க ஸ்டேஷனில் கொடுத்திருந்த படிவம். பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு கல். பல வருட எண்ணெய் இரும்பின் மேல் கறுத்து இறுகியிருந்தது.

முன்வாசலில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காயப் போட்டிருந்த மிளகை விடியுமுன் அவசரமாக வாரியதில் பாதி அங்கேயே சிதறிவிட்டது. துக்கத்துக்கு வருகிறவர்கள் வெறுங்காலில் மிளகை மிதித்துக்கொண்டு வந்து அழுதார்கள்.

படிவத்தில் மூன்று இடங்களை நிரப்பியாகிவிட்டது. உரிமதாரர் பெயர்: மாதேஸ்வரன். ஊர்: செம்மநத்தம். ஆயுதம்: ஒற்றைக் குண்டு வேட்டை ரைபிள், பழையது. ஆயுத எண் என்ற இடத்தில் லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்து 11846 என்று எழுதப் போனவன், எதற்கும் துப்பாக்கியிலும் பார்த்துவிடலாம் என்று துணியை எடுத்தான். அங்கேதான் சிக்கல்.

அழுக்கு விட்டது. 1, 1, 8, 4. கடைசியில் இருந்தது ஆறு இல்லை. ஆறுக்கு வயிறு இருக்க வேண்டும். இது மேலே ஒரு கோடு இழுத்து, சாய்வாகக் கீழே இறங்கியது. ஏழு.

அவன் புத்தகத்தை மறுபடி பார்த்தான். துப்பாக்கியை மறுபடி பார்த்தான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மட்டும் நான்கு புதுப்பித்தல் முத்திரைகள், நான்கு அதிகாரிகளின் கையெழுத்துகள். எல்லாவற்றிலும் ஆறு.

"மாப்ள, தப்பட்டக்காரங்க வந்துட்டாங்க. உன்னையத்தான் தேடறாங்க." அக்காவின் கணவர் பாலகுமார் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஜீப் ஓட்டுகிறவர்; எதையும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வார். "அங்க உங்கப்பனுக்குத் தண்ணி காய வெச்சிருக்குது. நீ இங்க துப்பாக்கியக் குளிப்பாட்டிட்டு இருக்கற?"

"மச்சான், நம்பர் ஒத்துவர்ல."

"என்ன நம்பரு?"

"துப்பாக்கி நம்பரு. புக்குல ஆறு. இதுல ஏழு."

பாலகுமார் குனிந்து பார்த்தார். பிறகு விசைக்குக் கீழே இருந்த நெம்பியைக் கீழ்நோக்கி இழுத்தார். குழலின் அடைப்பு சத்தமே இல்லாமல் வழுக்கி இறங்கியது. ஒரே ஒரு தோட்டா போடுகிற இடம். அந்த அளவுத் தோட்டா இப்போது எங்கேயும் செய்வதில்லை. விஜயகுமாருக்கு நினைவு தெரிந்து அந்தத் துப்பாக்கி ஒருமுறைகூட வெடித்ததில்லை.

"ஒரு காக்காய்கூட சாகாத துப்பாக்கி. எலெக்சன் வந்தா கவர்மெண்டுக்கு இதக் கண்டாத்தான் பயம்" என்றார் பாலகுமார். அப்புறம் குரலைத் தணித்தார். "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கணுமே. குடுக்காம உட்டா?"

"ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. இன்னிக்குத்தான் கடசி."

"அப்ப இதையே கொண்டு போய்க் குடு. யாரு பாக்கறா?"

"அவங்க நம்பரப் பாத்துத்தான் எழுதுவாங்க, மச்சான்."

பாலகுமார் நெம்பியை மேலே தள்ளி அடைப்பை மூடினார். எதற்குப் பயம் என்று இருவருக்கும் தெரியும். விஜயகுமார் வனக்காப்பாளர் தேர்வில் மூன்றாவது முறையாகத்தான் தேறியிருந்தான். வயது வரம்பில் இதுதான் கடைசி வாய்ப்பு. பணி ஆணை வரவேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் போலீஸ் விசாரணை அறிக்கை போக வேண்டும். அந்த ஃபைல் இதே ஸ்டேஷனில், அநேகமாக இதே மேஜையில் இருந்தது. லைசென்ஸில் உள்ள துப்பாக்கி வீட்டில் இல்லை, வீட்டில் உள்ள துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லை என்று அந்த மேஜையில் எழுதப்பட்டால், காட்டு வேலைக்குப் போகிறவன் வீட்டிலேயே ஆயுத வழக்கு.

"நான் அன்னிக்கே சொன்னேன், நீங்க யாரும் கேக்கல" என்றார் பாலகுமார். "உங்க தாத்தன் தொரை பங்களாவுல இருந்து சுருட்டுனதுதான் இது. ஒண்ணு எடுத்தாரோ ரெண்டு எடுத்தாரோ, யாரு கண்டா?"

வேறொரு நாளாக இருந்தால் விஜயகுமார் சண்டைக்குப் போயிருப்பான். இன்று முடியவில்லை. சின்ன வயதில் அவன் துப்பாக்கிக்குப் பக்கத்தில் போனாலே அப்பா சொல்கிற ஒரு வாக்கியம் இருந்தது. "தொடாத கண்ணு. அது நம்முளுது இல்ல." மாதம் ஒருமுறை அதை இறக்கி எண்ணெய் போடும்போதும் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்வார், இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவுகிறவரைப் போல. நம்முடையது இல்லையென்றால் யாருடையது என்று அவன் கேட்டதில்லை. களவுப் பொருளைப் பற்றி அப்பாவிடம் எப்படிக் கேட்பது?

லைசென்ஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. டன்ஸ்டன் எஸ்டேட், 1953. ஆயுதம் பெறப்பட்ட விதம் என்ற இடத்தைப் பூச்சி தின்றிருந்தது.

அவன் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி வைத்துவிட்டு முன்வாசலுக்குப் போனான். அப்பாவின் அக்கா அத்தாயி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். எண்பத்து நான்கு வயது. அழுது முடித்து, இப்போது அடுத்தவர்கள் அழுவதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் காதருகே குனிந்தான்.

"அத்தெ, நம்ம துப்பாக்கி யாரு குடுத்ததுங்க?"

"தொரை."

"எதுக்குக் குடுத்தாரு?"

"தொரசானியப் பாம்பு கடிச்சிருச்சு. அப்ப ஏது ரோடு? உங்க தாத்தந்தான் டோலி கட்டித் தூக்கிட்டு எறங்குனாரு. அவ பொழச்சா. தொரை ஊருக்குப் போறப்ப கூப்புட்டுக் குடுத்தாரு." அவள் மூக்கைச் சிந்தினாள். "சோடித் துப்பாக்கி சாமி அது. அவருக்கு ஒண்ணு, தொரசானிக்கு ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா அம்மாகாரிக்கே வித்தியாசம் தெரியாது."

"இன்னொண்ணு?"

"வாட்ச்மேனுக்குக் குடுத்தாரு. கீழ்நாட்டுல இருந்து பஞ்சத்துக்கு ஏறி வந்தவரு. வெள்ளக்கடைல லைன் ஊடு. அவரு மவன் இருக்கறானே, நல்லமுத்து."

"நல்லமுத்து யாருங்க? நான் கேள்விப்பட்டதே இல்லியே?"

"உங்கப்பனுக்குத் தெரியும். அவனையக் கேளு" என்றாள் அத்தாயி.

சொல்லிவிட்டு எதிரில் கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் அவர் பாதத்தில் ஒட்டியிருந்த ஒரு மிளகைத் தட்டிவிட்டாள்.

அடக்கம் நான்கு மணிக்கு என்று வைத்திருந்தார்கள். திருப்பூரிலிருந்து மாமா வர வேண்டும். பத்தரை ஆகியிருந்தது. குளிப்பாட்டுவதற்கு ஒரு குடம் தண்ணீரை அவன் ஊற்றினான். மீதியைப் பங்காளிகள் பார்த்துக்கொண்டார்கள். கம்பளிப் பொட்டலத்தை முதுகில் குறுக்காகக் கட்டிக்கொண்டு வண்டியை உதைத்தபோது அம்மா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

வெள்ளக்கடையில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நல்லமுத்து வீடு என்றதும் கைகாட்டினார்கள். கதவைத் திறந்தவள் அவருடைய மருமகள், புவனா. அவன் முதுகில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஏனுங்க, ஸ்டேஷன்ல இருந்துங்களா? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கண்டிப்பாக் குடுத்துருவோமுங்க."

"நான் போலீஸ் இல்லீங்க. செம்மநத்தம். மாதேஸ்வரன் மவன்."

அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை.

"பெரியவரு இருக்காருங்களா?"

"அதையேங்க கேக்கறீங்க." அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னியோட நாலு நாளாச்சுங்க. அந்தக் கருமத்தச் சாக்குல சுத்திக்கிட்டுக் காலைல எட்டு மணி பஸ்ஸுக்குப் போயிடறாரு. பொழுதெறங்கத்தான் வராரு. 'மாமா, ஸ்டேஷனுக்குப் போயிக் குடுத்துட்டு வாங்க'ன்னா, 'ஆள் வர்ல'ங்கறாரு. எந்த ஆளுன்னு கேட்டா வாயத் தொறக்கறதில்ல. நல்லா இருந்த மனுசன். திங்கக்கெழமை சேலத்துக்கு மண்டை டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போலாம்னு எங்கூட்டுக்காரரு லீவு சொல்லியிருக்காருங்க."

"எங்க போயி உக்காந்திருக்காரு?"

"கரடியூர் கைகாட்டி."

அவன் வண்டிச் சாவியை எடுத்தான். போன வாரம் முழுக்க அப்பா அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கைகாட்டிக்குக் கூட்டிட்டுப் போ. கைகாட்டியில ஆளு நிக்கும். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டாள். ஜுர வேகத்தில் ஏதோ பேசுகிறார் என்று அவன் போர்வையை இழுத்து மூடிவிட்டான்.

கைகாட்டிப் பலகைக்குக் கீழே, சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை, தலையில் மப்ளர். மடியில் நீளமாக ஒரு சாக்குப் பொட்டலம். வண்டி நின்றதும் முதலில் அவர் பார்த்தது விஜயகுமாரின் முதுகை. கம்பளியைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்தார்.

"வந்தாச்சா. நான் இன்னிக்கும் இல்லையோன்னு நெனச்சேன்." பிறகு அவனுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். "மவனுங்களா? மூக்கு அப்படியே இருக்குது. உங்கப்பா பஸ்ஸுல வராரா?"

"வர்லீங்கய்யா."

"முடியலீங்களா?"

விஜயகுமார் வண்டியை ஸ்டாண்ட் போட்டான். இந்த மனிதரை அவன் பார்த்துப் பத்து நொடிகூட ஆகவில்லை. காலையிலிருந்து நாற்பது பேருக்குப் போனில் சொன்ன வாக்கியம் இங்கே வர மறுத்தது.

"காலைல நாலு மணிக்குங்க" என்றான்.

ஒரு லாரி அவர்களைக் கடந்து வளைவில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. கிழவர் மறுபடி உட்கார்ந்து, சாக்கின் மேல் கட்டியிருந்த கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். நகத்தால் பிடித்து இழுத்தார், பல்லால் கடித்தார். முடிச்சு வரவில்லை. விஜயகுமார் உதவிக்குக் குனிந்தபோது கையை விலக்கிவிட்டார்.

"நானே கட்டுனது. வந்துரும்."

வந்தது. சாக்கு விலகியது. அதே துப்பாக்கி. அதே நீளம், அதே நெம்பி, கட்டையில் அதே சதுரச் சதுரச் செதுக்கல். குழலின் மேல் தேய்ந்துபோன இங்கிலீஷ் எழுத்துகளில் லண்டன் என்பது மட்டும் படிக்கிற மாதிரி இருந்தது. விஜயகுமார் எண்ணைப் பார்த்தான். தேய்க்கவே தேவையிருக்கவில்லை, இழைத்து வைத்ததைப் போல இருந்தது. 11846.

"இது எங்களுதுங்க" என்றான். தன் குரலில் சண்டைக்காரனின் தொனி வந்துவிட்டதை அவனே கேட்டான்.

"ஆமாங்க. அது எங்குளுது."

"எப்படி மாறுச்சு?"

"தொண்ணூத்தி ஆறு எலெக்சன்ல. திருப்பி வாங்கறப்ப ரெண்டு பேரும் ஒண்ணா வந்தோம். ரெண்டு பேருகிட்டயும் எஸ்டேட் கம்பளி. இங்க உக்காந்து பீடி குடிச்சோம். எந்திரிச்சுப் போறப்ப ஆளுக்கொண்ணு தூக்கிட்டுப் போயிட்டோம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் உங்கப்பா நம்பரப் பாத்திருக்காரு. குடுத்துரலாம்னு வெள்ளக்கடைக்கு நடந்தே வந்தாரு." அவர் கயிற்றைச் சுருட்டினார். "அன்னிக்குன்னு எங்கூட்டுக்காரி போய்ச் சேந்துட்டா. வந்து பாத்தா வாசல்ல பொணம். சாவு ஊட்டுல துப்பாக்கிய எப்படிக் குடுக்கறது? வெக்கறதுக்கும் எடமில்ல. மசானம் வரைக்கும் கம்பளிய நெஞ்சோட புடிச்சுக்கிட்டே வந்தாரு. மண்ணு போட்டாரு. அதையும் தூக்கிக்கிட்டே திரும்பிப் போனாரு."

"அப்புறம் மாத்திக்கலியா?"

"மாத்துனோமே. அடுத்த எலெக்சன் வந்துச்சு. நம்பர் பாப்பாங்கல்ல? இங்கயே உக்காந்து மாத்திக்கிட்டு, ஸ்டேஷன்ல அவுங்கவுங்களுதக் குடுத்தோம். எலெக்சன் முடிஞ்சுது, வாங்கிட்டு வந்தோம். பீடி குடிச்சோம். எந்திரிக்கறப்ப அவரு என்னுத எடுத்துக்கிட்டாரு."

"மறந்தாப்லயா?"

"இல்லீங்க. பாத்துத்தான் எடுத்தாரு. நானும் அவருதத் தூக்கிக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அதேதான். எலெக்சன் வந்தா மாத்துவோம், குடுப்போம், வாங்குவோம், மறுக்கா மாத்திக்குவோம். ரினிவலுக்கும் அப்படித்தான். முப்பது வருசம் ஆகப்போவுது."

ஐந்து மணி, படிவம், நான்கு மணி அடக்கம் எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இந்தக் கணக்கு. இரண்டு பேர் முப்பது வருடமாக அடுத்தவர் துப்பாக்கியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, சட்டத்துக்குக் காட்டுவதற்கு மட்டும் ஒரு மணி நேரம் தன்னுடையதை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏனுங்கய்யா? எதுக்கு?"

நல்லமுத்து யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், மறைக்கிற முகம் அல்ல.

"தெரியலியே சாமி. அவரு சொல்லல, நான் கேக்கல. ஒருக்கா கேட்டேன். 'மாதேசு, என்னுதக் குடுத்துரு, பசங்க கேக்கறாங்க'ன்னு. 'எண்ண போட்டு நல்லா வெச்சிருக்கறேன், உனக்கென்ன'ன்னாரு. அதோட உட்டுட்டேன்."

"நடுவுல பாத்துக்குவீங்களா? ஊட்டுக்குப் போவ வர இருந்தீங்களா?"

"எங்கீங்க. அவருக்குக் காடு தோட்டம். எனக்கு எஸ்டேட். எலெக்சன் வந்தாப் பாத்துக்குவோம்."

"எங்க தாத்தா இதத் தொரை பங்களாவுல திருடுனதுன்னு எங்க மச்சான் சொல்றாரு. அத்தை, பாம்புக்கடிக்குக் குடுத்ததுங்கறாங்க."

"பாம்பா?" கிழவர் முதல்முறையாகச் சிரித்தார். "எந்தப் பாம்பும் இல்ல. தொரைக்குக் கப்பலுக்கு நேரமாச்சு. ரெண்டையும் ஒரே கம்பளியில சுத்தி ரெண்டு பேரு கையிலயும் சேத்துக் குடுத்துட்டு வண்டி ஏறிட்டாரு. எது யாருதுன்னு சொல்லல. தாலுக்காக் கச்சேரியில லைசென்ஸ் எழுதறப்ப முன்னால நின்னது உங்க தாத்தன். ஆறுன்னு எழுதுனாங்க. பின்னால நின்னது எங்கய்யன். ஏழு. எங்கய்யன் சொல்லுவாரு, ஒரு நிமிசம் முந்தி மூத்தரத்துக்குப் போயிட்டு வந்திருந்தா ஆறு நம்முளுதுன்னு."

இதுவும் உண்மையா என்று அவனுக்குத் தெரியவில்லை. பூச்சி தின்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

அவன் முதுகிலிருந்து கம்பளியை அவிழ்த்தான். கிழவர் இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டினார். விஜயகுமார் அதை வாங்கித் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான். அப்பாவின் துப்பாக்கியை அவன் கையில் எடுப்பது இதுதான் முதல் முறை. பிடிக்கும் இடத்துக்குப் பின்னால் கட்டை விரிந்திருந்தது. அதன் மேல் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி இறுக்கியிருந்தார்கள்.

"அது நான் கீழ போட்டு ஒடச்சது" என்றார் நல்லமுத்து. "நானே கம்பி கட்டுனேன். அடுத்த தடவ உங்கப்பா பாத்தாரு. தடவித் தடவிப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல. திட்டியிருந்தாத் தேவலாம்னு இருந்துச்சு."

வண்டியில் பின்னால் கிழவர், இருவருக்கும் நடுவில் இரண்டு துப்பாக்கிகள். கொண்டை ஊசி வளைவுகளில் இரும்பு முதுகெலும்பில் இடித்தது. விஜயகுமாருக்கு நேரத்தைத் தவிர வேறு எதையும் நினைக்கப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது: நேற்று முன்தினம் மத்தியானம் அப்பா, "எட்டு மணி பஸ்ஸுக்கு அவன் வந்திருப்பான்" என்றார். யாரப்பா என்றுகூட அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருபது நிமிடத்தில் கூட்டி வந்திருக்கலாம்.

ஸ்டேஷனில் பெரியநாயகம் என்ற ஏட்டு பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். முன்னால் மூன்று பேர் தங்கள் துப்பாக்கிகளோடு நின்றார்கள். விஜயகுமாரின் முறை வந்தபோது ஒன்றரை மணி.

"உரிமதாரர் வரலியா?"

"காலைல தவறிட்டாருங்க சார். நான் மகன்."

ஏட்டு பேனாவை வைத்தார். அவனுடைய மழிக்காத முகத்தையும், ஈரம் காயாத வேட்டி ஓரத்தையும் பார்த்தார்.

"எடுத்தாச்சா?"

"நாலு மணிக்குங்க சார்."

"அதுக்குள்ள ஏன்யா வந்தே?" என்றவர் பதிலை எதிர்பார்க்காமல் துப்பாக்கியை இழுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். "ஒண்ணு. ஒண்ணு. எட்டு. நாலு." விரல் நின்றது. வெளிச்சத்துக்குத் திருப்பினார். விஜயகுமாருக்குத் தான் மாற்றியது உண்மையா, இல்லை மாற்றியதாக நினைத்துக்கொண்டு பழையதையே எடுத்து வந்துவிட்டோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. "ஆறு. சரியா இருக்கு."

அவர் எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார். "வனத்துறை வெரிபிகேஷன் விஜயகுமார் நீதானே? வீட்ல வேற ஆயுதம் ஏதாவது?"

"இல்லீங்க சார்."

"இந்த வாரம் அறிக்கை போயிரும். போ." ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அடுத்து நல்லமுத்துவின் துப்பாக்கி. ஒண்ணு, ஒண்ணு, எட்டு, நாலு, ஏழு. அதுவும் சரி. "எலெக்‌ஷன் முடிஞ்சு ஒரு வாரத்துல வந்து வாங்கிக்கங்க பெரியவரே."

நல்லமுத்து ரசீதை வாங்கவில்லை. மேஜையின் மேல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வாங்கறப்ப, அதும் குடுப்பீங்களா?"

"எது?"

"ஆறு."

"அது வராதுங்க. லைசென்ஸ்காரர் இல்லியே. ஜில்லா ஆபீசுக்குப் போயிரும்."

"அப்ப நான் வந்து எத வாங்கறதுங்க?"

ஏட்டு சிரித்துவிட்டார். "உங்களுத வாங்குங்க. வேற யாருத வாங்குவீங்க?"

கிழவர் ரசீதை வாங்கி நான்காக மடித்தார். சட்டைப் பையில் வைத்தார். மறுபடி எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் மடித்து வைத்தார்.

செம்மநத்தத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். தப்பட்டை நின்று, பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள். நல்லமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அப்பாவின் தலைமாட்டில் குந்தினார். மாலை எதுவும் வாங்கி வந்திருக்கவில்லை.

"நம்பரு ஒத்துப்போச்சு" என்றார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் சொல்கிற குரலில்.

பாலகுமார் விஜயகுமாரின் முழங்கையைப் பிடித்தார். "வேல ஆச்சா?"

"ஆச்சு."

"அப்பாடா. யாரு மாப்ள அந்தப் பெரியவரு? சொந்தமா?"

சொந்தம் இல்லை. சிநேகிதர் என்றால் வீட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லையே என்று கேட்பார்கள். "அப்பாவுக்கு வேண்டியவரு" என்றான்.

அங்கே அத்தாயி அவரை அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். "வாட்ச்மேன் மவனா? தொரசானியப் பாம்பு கடிச்சப்ப உங்கய்யனும் டோலிக்குத் தோள் குடுத்தாருல்ல?"

"பாம்பே கடிக்கலீங்களே, ஆத்தா."

"கடிச்சுது. நான் கண்ணால பாத்தேன்."

"உங்களுக்கு அப்ப பத்து வயசுகூட இருக்காது."

"பத்து வயசுல பாம்பு தெரியாதா எனக்கு?"

சுற்றியிருந்தவர்கள் எதற்குச் சண்டை என்று புரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அம்மாகூடத் தலையைத் தூக்கினாள். விஜயகுமார் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா எப்பவாவது நல்லமுத்துன்னு சொல்லியிருக்காராம்மா?" என்று கேட்டான். அம்மா இல்லை என்று தலையசைத்தாள். பிறகு, "எலெக்சன் வந்தா மட்டும் சட்டைய இஸ்திரி போடச் சொல்லுவாரு" என்றாள்.

நான்கு மணிக்கு எடுத்தார்கள். காப்பித் தோட்டத்துக்கு மேலே, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு அந்தப் பக்கம் அவர்கள் நிலத்திலேயே குழி. விஜயகுமார் மூன்று பிடி மண் போட்டான். பங்காளிகள், மாமா, பாலகுமார். எல்லாரும் போட்டு முடித்த பிறகு நல்லமுத்து வந்தார். மண்ணைக் கையில் எடுத்தவர் உடனே போடவில்லை. உள்ளங்கையில் வைத்து, கல் இருந்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு, பொடியை மட்டும் போட்டார்.

"நான் கொண்டு வந்து உடறேன், உக்காருங்க. சாப்புட்டுப் போலாம்" என்றான் விஜயகுமார்.

"இன்னிக்கு நீ ஊட்ட உட்டு நகரக் கூடாது, கண்ணு. பஸ்ஸு இருக்குது."

ரோடு வரைக்கும் அவன் கூட வந்தான். எலெக்‌ஷன் முடிந்து அவர் வாங்க வருகிற நாளில் தானும் ஸ்டேஷனுக்கு வரட்டுமா என்று கேட்க நினைத்தான். வந்து எதை மாற்றிக்கொள்வது? அந்த நேரத்துக்கு வேலை எந்தக் காட்டில் இருக்குமோ. கேட்பதற்குள் பஸ்ஸின் விளக்கு மேட்டில் தெரிந்தது.

பஸ் காலியாகத்தான் வந்தது. நல்லமுத்துவின் இரண்டு கைகளிலும் எதுவும் இல்லை. இருந்தும் படியில் கால் வைக்குமுன் நின்று, உடம்பை ஒருக்களித்து, கதவின் மேல்விளிம்பில் எதுவும் இடித்துவிடாதபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு, மெதுவாக ஏறினார்.